அதிகையில் ஓர் அக்காவின் சந்நிதி

பண்ருட்டியை ஒட்டி, கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது திருவதிகை. சிவபெருமான் வீரச்செயல் புரிந்த அட்ட வீரட்டத் தலங்களில் இது முப்புரம் எரித்த தலம். ஆனால் இங்கே வருகிறவர்களில் பலரும் முப்புரத்தை நினைத்துக்கொண்டு வருவதில்லை. உடம்பில் ஒரு நோயோடு வருகிறார்கள், இல்லையென்றால் வீட்டில் நோயாளியை விட்டுவிட்டு வருகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் சூலை என்ற கொடிய வயிற்று நோயில் துடித்துக்கொண்டு வந்த ஒருவர் இந்தச் சந்நிதியில்தான் முதல் பதிகம் பாடினார், நோய் தீர்ந்தது, திருநாவுக்கரசர் ஆனார் என்பது அவர்களை இழுத்து வருகிற நம்பிக்கை.

நானும் அப்படித்தான் போனேன், தம்பிக்காக. அவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் குடிக்கிற தண்ணீரை டம்ளரில் அளந்து குடிக்க வேண்டும். இடது கையில் ஊசி போடுவதற்காகச் செய்த ஃபிஸ்டுலா என்ற ரத்தக்குழாய் இணைப்பு புடைத்து நிற்கும்; அதன்மேல் விரல் வைத்தால் ரத்தம் விர்ரென்று ஓடுவது தெரியும். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்து காத்திருக்கிறோம். அவ்வளவு தூரம் பேருந்தில் உட்கார அவனால் முடியாது. "நீ போய்ட்டு வாக்கா, எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கோ" என்று அனுப்பிவைத்தான்.

பண்ருட்டியில் இறங்கினால் சீசனில் எங்கும் பலாப்பழ வாசம். அவனுக்கு உயிர் அது. பொட்டாசியம் ஏறிவிடும் என்று டாக்டர் அறவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். பார்க்காத மாதிரி கடந்து ஆட்டோ பிடித்தேன்.

கோயில் பெரியது. ராஜகோபுர வாயிலின் இரு பக்கமும் நடனக் கரணச் சிற்பங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நின்று பார்க்க வேண்டியவை. அன்று என் மனம் அதில் நிற்கவில்லை. நேரே உள்ளே போய்விட்டேன். கருவறையில் பதினாறு பட்டைகளோடு கூடிய பெரிய லிங்கத் திருமேனி. தீபம் காட்டும்போது பட்டைக்குப் பட்டை வெளிச்சம் விழுந்து நழுவியது. அன்று கூட்டமில்லை. அர்ச்சகர் அவசரப்படுத்தவும் இல்லை. தம்பி பேருக்கு அர்ச்சனை செய்து விபூதி வாங்கிக்கொண்டு, மண்டபத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்து அந்தப் பதிகத்தைப் பாட ஆரம்பித்தேன்.

*கூற்றாயின வாறு விலக்ககிலீர்*
*கொடுமைபல செய்தன நான்அறியேன்*

சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தது. கொல்லிப் பண்ணில் பாடுவார்கள். ராகம் தெரிந்த அளவுக்குப் பொருள் மனதில் இறங்கியிருக்கவில்லை என்று அங்கே உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எமனைப் போல வந்து வாட்டுகிற இந்த நோயை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று எடுத்த எடுப்பிலேயே முறையிடுகிறார். அடுத்த வரி: கொடுமை பல செய்தேனாம், எனக்குத் தெரியவில்லையே.

இந்த 'நான் அறியேன்' எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி மாளாது. தம்பிக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து, பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று சொல்லாமல் போனதில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சொல்ல வேறு வார்த்தை கிடைக்காமல் சொல்கிறார்கள். ஆனால் படுத்திருக்கிறவன் காதில் அது விழுகிறது. நாவுக்கரசரே அங்கே நின்று தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியாது, ஆனால் தாங்க முடியவில்லை என்றுதான் அழுகிறார். இறைவனும் அந்த அழுகையைக் கேட்டாரே தவிர, முதலில் பாவத்தை ஒப்புக்கொள் என்று கேட்கவில்லை. நோயாளியைப் பார்க்கப் போகிற எல்லாரும் இந்தப் பதிகத்தை ஒரு தடவை படித்துவிட்டுப் போக வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

பாட்டு நெடுக வயிறும் குடலும்தான். குடரோடு துடக்கி முடக்கியிட என்கிறார். நோயைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வோம், கடவுள் முன்னால் இதெல்லாம் பேசலாமா என்ற கூச்சமே இல்லை. இரண்டாம் பாட்டில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். நஞ்சாக வந்து என்னை நலிகிறது, அதை விரட்டவும் மாட்டேன் என்கிறீர், *அஞ்சேலும் என்னீர்* என்கிறார். நோயைத் தீர்க்காவிட்டால் போகட்டும், பயப்படாதே என்று ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டீரா? இந்த வரிக்கு வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எத்தனையோ ராத்திரி வீட்டுப் பூஜை அறையில் நின்று நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது இதைத்தான். சாமியைக் குறை சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு நாயன்மார் அதையே பாட்டாகப் பாடியிருக்கிறார். அதைத் திருமுறை என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். குறையைக் கேட்டும் கோபித்துக்கொள்ளாமல் இருக்கிறதே, அந்தக் கருணையின் மடியில் அழுதால் என்ன என்று தோன்றியது. அழுதேன்.

எழுந்து பிராகாரம் சுற்றினேன். திருநாவுக்கரசருக்குச் சந்நிதி உண்டு. அவருடைய அக்கா திலகவதியாருக்கும் தனிச் சந்நிதி உண்டு. நான் அதிகம் நின்றது அந்த அக்காவின் முன்னால்தான்.

அவர் கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. அதிகைக்குப் பக்கத்திலுள்ள திருவாமூரில் புகழனார், மாதினியார் பெற்ற பிள்ளைகள் இருவர். கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குத் திலகவதியாரை மணம் பேசியிருந்தார்கள். அவர் போருக்குப் போனார். இடையில் அப்பா போனார், அம்மாவும் கூடவே போனார். பிறகு போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் இறந்த செய்தி வந்தது. அவருக்கென்று பேசப்பட்ட உயிர் அவரோடே போகட்டும் என்று துணிந்த அக்காவின் காலில் விழுந்தார் தம்பி மருணீக்கியார், பின்னாளில் நாவுக்கரசர் ஆனவர். அப்பா அம்மாவுக்குப் பிறகு உங்களை வணங்கலாம் என்றுதானே உயிரோடு இருக்கிறேன், நீங்களும் போவதானால் நான் முன்னே போகிறேன் என்றார். அதற்காகவே அக்கா உயிர் தாங்கினார். *தம்பியார் உளராக வேண்டும் என வைத்த தயா* என்று சேக்கிழார் பாடுகிறார். அக்கா தம்பிமேல் வைத்த இரக்கத்துக்குத் தயா என்று பேர் வைத்துவிட்டார். அருளாளர்களுக்கும் ஆண்டவனுக்கும் சொல்கிற சொல் அது.

அந்தத் தம்பியே பிறகு சமண சமயத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரத்துப் பள்ளியில் தருமசேனர் என்று பேர் பெற்றுத் தூரமாகிவிட்டார். அக்கா அதிகைக்கு வந்து, விடியுமுன் எழுந்து கோயிலைக் கூட்டி, மெழுகி, பூமாலை கட்டிச் சாத்தி, தம்பியைத் திருப்பித் தாருங்கள் என்று வேண்டிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் கனவில் இறைவன், கவலைப்படாதே, சூலை கொடுத்து அவனை ஆட்கொள்வோம் என்றாராம்.

இந்த இடத்தை மட்டும் என்னால் இன்றுவரை எளிதாகத் தாண்ட முடிவதில்லை. ஒரு அக்காவின் வேண்டுதலுக்குக் கிடைத்த பதில் தம்பியின் வயிற்று வலி. நாவுக்கரசருக்கு அது அருளாக முடிந்தது. பிறகு அவர் பாடிய பாட்டெல்லாம் சாட்சி. ஆனால் இதைக் காட்டி, உன் தம்பி நோயும் அருள்தான் என்று என்னிடம் யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அதைச் சொல்கிற உரிமை நோயைச் சுமந்தவருக்கு மட்டும்தான் உண்டு. நாவுக்கரசர் சொல்லலாம். பக்கத்தில் நிற்கிற நான் சொல்லக் கூடாது. திலகவதியாரும் சொன்னதாகப் புராணத்தில் இல்லை. கனவில் முன்கூட்டியே தெரிந்திருந்தும், வலியோடு இரவில் யாருக்கும் தெரியாமல் வந்து காலில் விழுந்த தம்பியிடம், பார்த்தாயா என்று அவர் கேட்கவே இல்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். திருப்பள்ளியெழுச்சி நேரம், அலகு என்ற துடைப்பமும் மெழுக்குச் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு எப்போதும் போலக் கோயில் வேலைக்குக் கிளம்பினார், தம்பியையும் கூட அழைத்துக்கொண்டு. பாட்டு அதற்குப் பிறகுதான் பிறந்தது.

இறைவனுடைய கருணை அன்று வானத்திலிருந்து நேரே இறங்கியிருக்கலாம். ஆனால் முதலில் வந்தது ஓர் அக்காவின் விரல்நுனியில், ஒரு சிட்டிகைத் திருநீறாக. அதுவும், தன் துக்கத்துக்கு மாற்றே கிடைக்காத ஓர் அக்காவிடமிருந்து. கலிப்பகையார் திரும்பி வரவில்லை. பெற்றவர்கள் திரும்பி வரவில்லை. அவர் கை காலியாகவே இருந்தது. அந்தக் கையைத்தான் இறைவன் எடுத்துக்கொண்டார். சந்நிதியில் நின்று நான் வேண்டியது இதுதான்: அம்மா, என் தம்பிக்கு நல்ல சேதி வருகிற வரைக்கும், அவன் பக்கத்தில் சிடுசிடுக்காமல் உட்காருகிற மனசை எனக்குக் கொடு.

அங்கே ஓதுவார் ஒருவர் இருந்தார். நான் அழுததைப் பார்த்திருப்பார் போல. எதுவும் விசாரிக்கவில்லை. "முதல் பதிகம் பாடுனீங்கம்மா, கேட்டேன். ரெண்டாவதையும் கேட்டுட்டுப் போங்க" என்று சொல்லி, காந்தாரப் பண்ணில் எடுத்தார்.

*திண்ணன் கெடிலப் புனலும் உடையார் ஒருவர் தமர்நாம்*
*அஞ்சுவ தியாதொன்று மில்லை அஞ்ச வருவது மில்லை*

நான்காம் திருமுறையில் முதல் பதிகத்துக்கு அடுத்து அச்சிட்டிருப்பது இந்தப் பதிகம்தான். அதே கெடிலம், அதே அதிகை இறைவன். அஞ்சேல் என்றுகூடச் சொல்ல மாட்டீரா என்று அழுத அதே வாய், அஞ்சுவது யாதொன்றும் இல்லை என்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. சூலை தீர்ந்ததோடு கஷ்டம் தீரவில்லை. சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பியதற்காகப் பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்பு நீற்றறையில் ஏழு நாள் அடைத்துவைத்தான். நஞ்சு கலந்த பாற்சோறு கொடுத்தார்கள். யானையை ஏவிவிட்டார்கள். அந்த யானை முன்னால் நின்று பாடியதுதான் இந்த இரண்டாம் பதிகம் என்கிறது பெரியபுராணம். பயம் போனது துன்பம் நின்றுபோனதால் இல்லை. துன்பம் இன்னும் பெரிதாக எதிரே வந்து நிற்கும்போது, நான் இன்னாருடைய ஆள் என்று சொல்லிக்கொள்ள ஒருவர் இருந்தார், அதனால் பயம் போயிருக்கிறது. *ஒருவர் தமர் நாம்.* ஓதுவார் இந்த வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். எதிரே யானை இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் மாதா மாதம் வருகிற கிரியாட்டினின் ரிப்போர்ட்டை நினைத்துக்கொண்டேன்.

மாலையில் நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூருக்குப் பேருந்து ஏறினேன். அதிகைக்குப் போகிறவர்கள் முடிந்தால் திருப்பாதிரிப்புலியூரையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட நாவுக்கரசர், 'சொற்றுணை வேதியன்' என்று பாட, கல்லே தெப்பமாகி வந்து கரை சேர்ந்த ஊர். கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரே அந்தப் பேரோடு பக்கத்தில் இருக்கிறது. கரையேறியவர் பாடலீசுவரர் சந்நிதியில் பாடினார்: *ஈன்றா ளுமாய்எனக் கெந்தையு மாய்உடன் தோன்றினராய்.* பெற்ற தாயாக, தந்தையாக, உடன்பிறந்தவர்களாக இருப்பவன் என்று வரிசை போகிறது. உடன்பிறந்தவர் என்று சொல்லும்போது அவர் மனதில் அந்த அக்கா வராமல் இருந்திருப்பாரா? தாயும் தந்தையும் போன வீட்டில் அவருக்கு மிச்சம் இருந்தது அக்காதானே. கடைசியில் *தோன்றாத் துணையாய் இருந்தனன்* என்று முடிக்கிறார். கண்ணுக்குத் தெரியாமலே கூட இருந்தான் என்று, கடலில் கிடந்துவிட்டு வந்தவர் சொல்கிறார். பெரியநாயகி அம்மனையும் சேவித்துவிட்டுப் பிராகாரத்தில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் செய்தேன். பூராவும் சொன்னேன். பலாப்பழத்தை மட்டும் சொல்லவில்லை.

இப்போது டயாலிசிஸ் நாட்களில் மெஷின் ஓடுகிற நான்கு மணி நேரத்தில் கொஞ்ச நேரம் மெதுவாகப் பாடுகிறேன். பக்கத்துப் படுக்கை அம்மா ஒருவர், இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடச் சொல்கிறார். சர்க்கரையில் சிறுநீரகம் போனவர், மகன் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவான். அவருக்கு 'அஞ்சுவது யாதொன்றும் இல்லை' பிடித்துவிட்டது. வார்த்தை விட்டுப்போனாலும் கூடவே முணுமுணுக்கிறார். தம்பிக்கு இன்னும் முதல் பதிகம்தான். ரத்த அழுத்தம் இறங்கி, காலில் தசை இழுத்துப் பிடிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சண்டை போடற பாட்டைப் பாடுக்கா" என்பான். "ரெண்டாவது பாடட்டுமாடா?" என்று ஒரு நாள் கேட்டேன். "அதுக்கு நான் இன்னும் வரலக்கா" என்றான். சரி என்று 'கூற்றாயினவாறு' எடுத்தேன். 'ஆற்றேன் அடியேன்' வரும்போது அவனும் சேர்ந்துகொண்டான்.