காலண்டர் தாளில் எழுதிய ஓடி

சிங்கப்பூரில் முதல் மாதச் சம்பளம் வந்த அன்றே கணக்கு உதைத்தது. ஊரில் ஏஜெண்டிடம் இரண்டரை லட்சம் கொடுத்திருந்தேன், பாதி வட்டிக்கு வாங்கியது. ஐபிஏ பேப்பர், அதாவது சிங்கப்பூர் அரசு தரும் வேலை அனுமதி ஒப்புதல் கடிதம், வந்ததும் அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மூலையில் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று அதில் தமிழிலேயே இருந்தது. ஆனால் சம்பளச் சீட்டில் இருந்தது ஒரு நாளைக்கு 18 வெள்ளி. 26 நாளுக்கு 468. அதற்கு மேல் ஓடி, அதாவது ஓவர்டைம்.

சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டேன். அவரும் தஞ்சாவூர்ப் பக்கம்தான்.

"புதுசா வர்றவனுக்கு 18 தான்டா. 800ங்கிறது பெர்மிட் எடுக்கறதுக்காக எழுதுறது. எல்லா கம்பெனியும் அப்படித்தான்."

எங்கள் அறையில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் இதை நம்பினோம். நம்பினோம் என்பதைவிட, கடன் இருக்கும்போது வேறு எதை நம்புவது என்று சொல்லலாம்.

மூன்றாவது மாதத்தில் மேல் கட்டிலில் படுக்கும் பங்களாதேஷ் பாய் ஒருவர், சிங்கப்பூரில் பத்து வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர், ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "டெய்லி டைம் ரைட்டிங். யூ ரைட்டிங்." நோட்டு வாங்கச் சோம்பல். தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர் சுவரில் தொங்கியது. அதில் தினமும் தாளைக் கிழித்து, ராகு காலத்துக்குக் கீழே இருக்கும் கொஞ்ச இடத்தில் "7.30 - 9, துவாஸ்" என்று எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். லாரி ஏறிய நேரம் தனி, வேலை தொடங்கிய நேரம் தனி. அப்போது கேஸ் போடும் எண்ணமெல்லாம் இல்லை. மனசாறத் திட்டுவதற்கு ஒரு கணக்கு வேண்டும், அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம் கழித்து என் கட்டிலுக்கு எதிர்க் கட்டில் தம்பிக்கு இடுப்பில் அடிபட்டது. அவனுக்காக ஆஸ்பத்திரிக்கு அலைந்தபோதுதான் கஃப் ரோட்டில் டிரான்சியண்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ என்ற அமைப்பு, கேஸ் நடத்தும் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு போடும் இடம் தெரிந்தது. அங்கே இருந்த தொண்டர் என் ஐபிஏவையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.

800 வெள்ளி மாதச் சம்பளம் என்றால் அதை 12-ஆல் பெருக்கி, 52 வாரத்தையும் 44 மணி நேரத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 4.20 வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே வரும். ஓடிக்கு ஒன்றரை மடங்கு: 6.29. எனக்குக் கொடுத்தது 18-ஐ 8-ஆல் வகுத்து ஒன்றரை மடங்கு, அதாவது 3.38. அப்புறம் இன்னொன்று. வாரத்துக்கு 44 மணி நேரம் தாண்டினாலே ஓடி என்பது சட்டம். எங்கள் கம்பெனி சனிக்கிழமை எட்டு மணி நேரத்தையும் சாதா வேலை என்று எழுதி வந்தது. சனிக்கிழமை மத்தியானங்கள் எத்தனை என்று அப்போதுதான் மனதுக்குள் எண்ணினேன்.

சம்பளப் பாக்கிக்கு வேலையில் இருக்கும்போதே ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதம்தான் கெடு. எனக்கு ஒரு மாதமே மீதி இருந்தது. அதற்குமேல் ஒவ்வொரு மாதமும் பழைய சம்பளம் ஒன்று கையை விட்டுப் போகும்.

பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். புகார் கொடுத்தால் ராத்திரியோடு ராத்திரியாக டிக்கெட் போட்டு ஏற்றிவிடுவார்கள் என்று அறையில் எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். தொண்டர் அதற்கும் வழி சொன்னார். அப்படி சாங்கி விமான நிலையம் வரை கொண்டு போய்விட்டால், குடிநுழைவு கவுண்டரில் இருக்கும் அதிகாரியிடம் "சம்பளப் பாக்கி இருக்கிறது" என்று சொல்லி நின்றுவிட வேண்டும், விமானம் ஏறக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தேன். கடைசி வரை தேவைப்படவில்லை. ஆனால் அது வாயில் இருந்ததால்தான் தைரியம் வந்தது என்று நினைக்கிறேன்.

புகார் கொடுத்தது டிஏடிஎம் என்ற, வேலைத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் அமைப்பில். அரசு, தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம் மூன்றும் சேர்ந்து 2017-ல் தொடங்கியது. தேதி வாங்கிக்கொண்டு பெண்டமியர் ரோட்டில் மனிதவள அமைச்சின் சேவை நிலையத்துக்குப் போனேன். ஏசி அறை, எண் சீட்டு, வரிசையாக நீல நாற்காலி. மொழிபெயர்க்க ஒரு அக்கா வந்திருந்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேசையில் தாள்களைப் பரப்பியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி, எமகண்டத்துலயும் ஓடி பாத்திருக்கீங்களே."

அதிகாரி சீனர். என்னவென்று கேட்டார், அக்கா விளக்கினார். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தாளையும் தேதிப்படி அடுக்கச் சொன்னார். அடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

இரண்டு வாரத்தில் அமைச்சிலிருந்து சைட்டுக்கு ஆய்வுக்கு வந்தார்கள். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கம்பெனிக்கு எப்படியோ கொஞ்சம் முன்னாலேயே மூக்கு வியர்த்துவிட்டது போல. காலையில் வேலைக்கு முன்னால் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சூப்பர்வைசர், "யார் வந்து கேட்டாலும் 800 வாங்குறோம்னு சொல்லுங்க, புரியுதா" என்றார். முதலில் கூப்பிட்ட நாலு பேர் அப்படியே சொல்லிவிட்டு வந்தார்கள். நான் அன்றைக்கு ரொம்பக் கோபமாக இருந்தேன் அவர்கள் மேல். இப்போது இல்லை, நாலு பேரில் மூன்று பேருக்குத் தங்கை கல்யாணம்.

ஆனால் வந்த அதிகாரி வாய்ச்சொல்லோடு விடவில்லை. "உங்கள் போனிலேயே வங்கிக் கணக்கைத் திறந்து காட்டுங்கள்" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். டார்மிட்டரியில் தங்கும் ஒர்க் பெர்மிட்காரர்களுக்குச் சம்பளம் வங்கி வழியாகத்தான் போட வேண்டும் என்பது 2020-லிருந்து விதி. அந்த விதியால் இப்படி ஒரு உபயோகம் உண்டென்று அன்றைக்குத்தான் புரிந்தது. 800 வாங்குகிறேன் என்று சொன்ன வாய்க்கு எதிரே போனில் 583 நிற்கிறது. கண்டெய்னர் ஆபீசிலிருந்து டைம் கார்டு கட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டார்கள். வேலை நேர, சம்பளப் பதிவேடுகளைக் குறைந்தது இரண்டு வருடத்துக்கு வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, அதனால் "தொலைந்துவிட்டது" என்ற சாக்கு எடுபடவில்லை.

அடுத்த நாள் கம்பெனி என் பெர்மிட்டை ரத்து செய்தது. எதிர்பார்த்ததுதான். அமைச்சில் கையில் ஸ்பெஷல் பாஸ் கொடுத்தார்கள்: நாட்டில் இருக்கலாம், வேலை செய்யக் கூடாது. உடம்பு உழைத்துப் பழகியவனுக்கு அந்த இரண்டு மாதம் போல ஒரு கஷ்டம் கிடையாது. வீட்டில் "ஓவர்டைம் குறைவு" என்று பொய் சொன்னேன். சாப்பாடு கஃப் ரோட்டில். பகலில் ஃபேரர் பார்க் பக்கம் புல்தரையில் உட்கார்ந்து கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன், விடை மாறிவிடுமோ என்பது மாதிரி.

சமரசப் பேச்சு மூன்று தடவை நடந்தது. முதல் தடவை கம்பெனி தரப்பிலிருந்து வந்த கணக்கர் பெண்மணி, நான் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். 468 வெள்ளிக்குச் சம்மதம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. வந்த இரண்டாம் நாள் டார்மிட்டரி சாவியோடு சேர்த்து ஏழெட்டு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், அதில் ஒன்று. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கேஸ் முடிந்தது என்று நினைத்தேன்.

அதிகாரி அமைதியாக ஒன்றைக் கேட்டார்: "இந்தச் சம்பளக் குறைப்பை அமைச்சுக்குத் தெரிவித்தீர்களா?"

தெரிவிக்கவில்லை. ஐபிஏவில் எழுதிய அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் தொழிலாளி எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும், அமலுக்கு வருமுன் அமைச்சுக்கும் சொல்ல வேண்டும். அமைச்சின் பதிவில் நான் இன்னமும் 800 வெள்ளிக்காரன். அந்த அம்மா காகிதத்தைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இரண்டாவது தடவை 3000 தருகிறோம், இன்றே முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். மொத்தப் பாக்கி 6000-க்குச் சற்று மேல். மாட்டேன் என்றேன். பேச்சு முறிந்தால் டிஏடிஎம் ஒரு பரிந்துரைச் சான்றிதழ் கொடுக்கும். அதை வைத்து நாலு வாரத்துக்குள் வேலைவாய்ப்புக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், அங்கே வக்கீல் யாருக்கும் இடமில்லை, 20,000 வெள்ளி வரை கேட்கலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். போயிருப்பேனா என்று இப்போது கேட்டால் தெரியாது. ஆனால் போவேன் என்று அன்றைக்கு முகத்தை வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை 5,400-க்கு வந்தார்கள், இரண்டு தவணை. அதிலும் பேரம் பேசலாம்தான். ஆனால் முதல் இரண்டு மாதத்துக்கு என்னிடம் காலண்டர் தாள் கிடையாது, கம்பெனி டைம் கார்டில் அந்த மாதங்களின் ஓடி பாதிக்கும் கீழே. கையெழுத்துப் போட்டேன், இந்தத் தடவை அக்கா ஒவ்வொரு வரியையும் படித்துச் சொன்ன பிறகு. ஒப்பந்தத்தை நாலு வாரத்துக்குள் நீதிமன்றத்தில் பதிவு செய்தால் பணம் வராவிட்டாலும் தீர்ப்பு மாதிரி அமல்படுத்தலாம் என்றார்கள். பதிவு செய்தேன். முதல் தவணை சொன்ன தேதியில் வந்தது, இரண்டாவது ஆறு நாள் தாமதம்.

வேறு முதலாளியிடம் மாறிக்கொள்ள அனுமதி கிடைத்தது. இப்போது வேறு கம்பெனி, ஜூரோங் பக்கம். புது ஐபிஏ வந்தபோது சாமி படம் இல்லை, லாரியில் நின்றுகொண்டே அடிப்படைச் சம்பளம், படி, கழிவு மூன்று வரியையும் படித்தேன். கழிவு என்ற இடத்தில் பூஜ்யம். படம் எடுத்து அம்மாவுக்கும் அனுப்பிவைத்தேன், என் போன் தொலைந்தாலும் அங்கே இருக்கும்.

பழைய அறையில் மூன்று பேர் அப்புறம் புகார் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் அண்ணனைப் போன மாதம் தேக்காவில் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். "நல்லா இருக்கியாடா" என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவருடைய ஐபிஏவில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கே பார்ப்பது என்று கேட்டார்.