கேட்டமரானும் கட்டுமரமும் ஒண்ணு இல்ல

நேத்து ராத்திரி பொண்ணு வொகாபுலரி நோட்டை வெச்சுக்கிட்டு மீனிங் மனப்பாடம் பண்ணிட்டு இருந்தா, வெள்ளிக்கிழமை டெஸ்ட், 20 வார்த்தை. "கேட்டமரான்னா ரெண்டு அடிப்பாகம் இருக்கிற படகு"ன்னு அவ சொன்னது காதுல விழுந்ததும் அடுப்பை சிம்ல வெச்சுட்டு வந்துட்டேன், பாப்பா அது நம்ம வார்த்தைடி, கட்டுமரம்னு மெதுவா சொல்லிப் பாருன்னேன். சொல்லிப் பாத்துட்டு கண்ணு பெருசாயிடுச்சு. "அப்போ மிஸ் குடுத்த மீனிங் தப்பாம்மா?"

தப்பு இல்ல, வார்த்தை கப்பல் ஏறிப் போய் மாறிடுச்சு. நம்ம கட்டுமரம் மரத்தைச் சேத்துக் கட்டினது, குழிவே கிடையாது, அலை மேல ஏறினா இடுக்கு வழியா தண்ணி வடிஞ்சு போயிடும். 1697ல வில்லியம் டாம்பியர்னு ஒரு மாலுமி தன் பயணப் புத்தகத்துல சோழமண்டலக் கரை கட்டுமரத்தைப் பத்தி எழுதியிருக்காரு, அவர் சொன்னதும் வெறும் மரக்கட்டை தான். அப்புறம் 1876ல அமெரிக்காவுல ஹெரஷாஃப்னு படகு கட்டுற ஒருத்தர் ரெண்டு ஒல்லிப் படகை ஜோடியா இணைச்சு பாய் கட்டி நியூயார்க்ல ஒரு ரேஸ்ல முதல்ல வந்தாரு, அந்த மாதிரி படகுக்கே இந்தப் பேர் நின்னுடுச்சு. பசிபிக் தீவுக்காரங்க காலங்காலமா ஓட்டுற இரட்டைப் படகுக்கு நம்ம ஊர் பேரு!

மல்லிகடானியும் அப்படித்தான். நம்ம மிளகுத்தண்ணி, இங்க காய்ச்சல்காரங்களுக்கு வெக்கிறது, வெள்ளைக்காரங்ககிட்ட போய் கறி, பருப்பு, சில வீட்ல ஆப்பிள் கூட போட்ட சூப் ஆயிடுச்சு.

அடுத்த பக்கத்துல பரையான்னு ஒரு வார்த்தை, பக்கத்துல "ஒதுக்கி வைக்கப்பட்டவர்". "இதுவும் நம்மளதாம்மா?"ன்னு அவளே கேட்டா, எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல.

ஆமா, பறையர்ங்கிற பேர்லேர்ந்து போனது. பறைன்னா மேளம், பறைன்னா சொல்லுன்னும் அர்த்தம், மலையாளத்துல இன்னும் பேச்சு வழக்குல இருக்கு. அந்தப் பேருக்குள்ள ஒதுக்குறதுங்கிற அர்த்தமே கிடையாது. அந்த மீனிங்கை வெள்ளைக்காரன் எங்கிருந்தோ கொண்டு வரல, நம்ம ஊர்ல நாம அவங்களை நடத்தினதைப் பாத்தான், அதையே அந்தப் பேருக்கு அர்த்தமா எழுதிட்டுப் போயிட்டான். இன்னைக்கும் இங்கிலீஷ் பேப்பர்ல ஏதோ ஒரு நாட்டை மத்த நாடுங்க ஒதுக்கினா பரையா ஸ்டேட்னு ரொம்ப சாதாரணமா போடுறாங்க, ஒரு ஜனத்தோட பேரு அதுன்னு எழுதுறவங்களுக்குத் தெரியுதா இல்லையா. நான் அதை எழுத மாட்டேன், அவுட்காஸ்ட்னு எழுதினா போதும், புரியும்.

இதெல்லாம் சொன்னேன். டெஸ்டுக்கு மிஸ் குடுத்த மீனிங்கையே எழுதும்மா, ஆனா தெரிஞ்சு எழுதுன்னேன். அவ பென்சிலைக் கீழ வெச்சுட்டு "அவங்களை ஏம்மா ஒதுக்கினாங்க?"ன்னா. மீதி 12 வார்த்தை அப்படியே கிடந்துச்சு, தூங்குற வரைக்கும் அதைத்தான் பேசிட்டு இருந்தோம்.