ஒற்றை ஒயரை ஒழித்த கதை

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கூடத்தில் நுழைந்து நான்காவது எட்டு வைக்கும்போது காலை ஒரு சாண் உயர்த்தித் தாண்டி வைப்போம். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு, குடும்பத்துக்கே காலில் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும்.

காரணம் ஒரு ஒயர். என் கணினி கூடத்தின் ஒரு மூலையில். அப்பா 1980களில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும், ஆளுக்குப் பாதி உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்களும் எதிர் மூலையில். பாட்டெல்லாம் அங்கே, சத்தமெல்லாம் இங்கே. ஒரு முனையில் ஒற்றைப் பின்னும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை என்று இரட்டைப் பின்னும் கொண்ட நீள ஒயர் ஒன்று இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு மாதிரி கிடந்தது.

பாட்டுச் சேகரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினைந்து வருட உழைப்பு. முதலில் சீடிகளை எல்லாம் எம்பி3யாக மாற்றி ஏற்றினேன். அப்புறம்தான், இடத்தை மிச்சப்படுத்த எம்பி3 ஒலியின் ஒரு பகுதியைத் தூக்கி எறிந்துவிடும் என்று தெரிந்தது. சீடியில் ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிந்திருக்கிறார்கள். அதில் ஒன்றுகூடச் சிந்தக் கூடாது என்று, எல்லாவற்றையும் ஃபிளாக் வடிவத்தில் முதலிலிருந்து மறுபடி ஏற்றினேன். ஏற்றியதும் மனைவியை உட்கார வைத்துப் பழையதையும் புதியதையும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது ரொம்பத் தெளிவா இருக்குங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு பார்த்தால், அவசரத்தில் பழையதையே இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன். இதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

சரி, ஒயருக்கு வருவோம். ஒரு நாள் கை நிறையத் துவைத்த துணியோடு வந்த மனைவி நான்காவது எட்டை மறந்துவிட்டாள். விழவில்லை, ஆனால் துணி விழுந்தது. "உலகமே ஒயர் இல்லாமப் பாட்டுக் கேக்குது. நம்ம வீட்டுல மட்டும்தான் தாண்டித் தாண்டிக் கேக்குறோம்" என்றாள். அதில் ஒரு சவால் இருந்தது. அதாவது, எனக்கு அப்படிக் கேட்டது.

முதல் முயற்சி ப்ளூடூத். தீப்பெட்டி அளவில் ஒரு ரிசீவர். அதை ஆம்ப்ளிஃபயரில் செருகினால் ஃபோனில் உள்ள பாட்டு காற்றில் வந்து சேரும். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஆக்ஸ் என்று எழுதிய துளைகளில் பழைய ஒயர் இருந்தது. பக்கத்திலேயே காலியாக இரண்டு துளைகள், மேலே 'ஃபோனோ' என்று எழுதியிருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. செல்ஃபோனே கையில் இல்லாத காலத்தில், பின்னாளில் ஃபோனை இணைப்பார்கள் என்று யோசித்து இடம் விட்டிருக்கிறார்களே! செருகினேன். பாட்டைப் போட்டேன்.

அது பாட்டு இல்லை. தகரக் கொட்டகைக்குள் யானை இருமியது போல ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உள்ளறையில் இருந்த அப்பா எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, அது ரெக்கார்ட் பிளேயர் சொருகுற இடம்."

ஃபோனோ என்றால் ஃபோனோகிராஃப். இசைத்தட்டின் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதனால் அந்தத் துளைக்குப் பின்னால் தனியாக ஒரு பெருக்கி உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு, தட்டில் பள்ளம் வெட்டும்போது கீழ்ஸ்தாயியைக் குறைத்து மேல்ஸ்தாயியைக் கூட்டிப் பதிவார்களாம். அதைச் சரிக்கட்ட, உள்ளே வருகிற கீழ்ஸ்தாயியை எல்லாம் இது தூக்கி நிறுத்தும். நான் அதன் வாயில் வோல்ட் கணக்கில் ஊற்றியிருந்தேன். ஸ்பீக்கர் பிழைத்தது அப்பா செய்த புண்ணியம்.

பழைய ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆக்ஸில் மாற்றிச் செருகியதும் பாட்டு வந்தது. வந்தது, போனது, வந்தது. ஃபோனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்து நின்றால் பாடும், முதுகைக் காட்டினால் திக்கும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். ப்ளூடூத் ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் குடித்துவிடும். ஆக, என் பாட்டுக்குக் குறுக்கே நின்றது நானேதான். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசை. மனைவி அதைத் தட்டிவிட்ட போதெல்லாம் கூடத்தில் பாடகருக்கு விக்கல் வந்தது. டென்மார்க்கையும் நார்வேயையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த பத்தாம் நூற்றாண்டு அரசர் ஹரால்ட் ப்ளூடூத் பெயரைத்தான் இந்த நுட்பத்துக்கு வைத்தார்களாம். இரண்டு நாடுகளைச் சேர்த்தவரால் என் சட்டைப் பையையும் கூடத்து மூலையையும் சேர்க்க முடியவில்லை.

ஆனால் ப்ளூடூத்துக்கு முடிவு கட்டியது விக்கல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மெல்லிய வீணை ஓடிக்கொண்டிருந்தது. அலுவலக நண்பர் அனுப்பிய குரல் செய்தியை, காதில் கேட்பதாக நினைத்துக்கொண்டு தட்டினேன். எங்கள் மேலாளரைப் பற்றிய அவருடைய கருத்து, ஆளுக்குப் பாதி உயர ஸ்பீக்கர்கள் இரண்டிலும் ஸ்டீரியோவில் ஒலித்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. அன்று மாலை தெருவில் என்னைப் பார்த்த இரண்டு பேர் ஆறுதலாகத் தலையசைத்தார்கள்.

அடுத்தது வை-ஃபை. இதில் ஃபோன் வெறும் ரிமோட் மட்டும். பாட்டு ஃபோன் வழியாகப் போகாது. ஹார்ட் டிஸ்க்கை ரவுட்டரில் மாட்டிவிட்டால் அது நூலகம் ஆகிவிடும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ராஸ்ப்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று, நூலகத்திலிருந்து பாட்டை எடுத்து வந்து பாடும். இரண்டு இரவு கண்விழித்து எல்லாம் பொருத்தினேன். ஃபோனில் என் நூலகம் விரிந்தது.

விரிந்ததும் எனக்கு வியர்த்தது. இத்தனை நாள் பாட்டுகளை ஃபோல்டரில் தேடி எடுத்துத்தான் பழக்கம். இந்த அமைப்புக்கோ ஃபோல்டரெல்லாம் பொருட்டே இல்லை. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் 'டேக்' என்று ஒரு பெயர்ச்சீட்டு உண்டு, அதை மட்டும்தான் நம்பும். அதன்படி என் வீட்டில் அதிகம் பாடியவர் 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்'. அவருடைய மிகப் பிரபலமான பாடல் 'ட்ராக் 01'. இருநூற்றுச் சொச்சம் தடவை பாடியிருக்கிறார்.

ஒரே பாடகர் ஆறு பேராகப் பிரிந்து கிடந்தார். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஒரு வழியா இருக்கிறது? ஒரு ஏ, இரண்டு ஏ, ஹெச் போட்டது, போடாதது, இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஏதோ ஒரு எழுத்துருவில் தமிழிலேயே ஆசையாக அடித்து வைத்தவை, தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக மாறியிருந்தன. பலர் பாடிய தொகுப்பு ஒன்றில் பன்னிரண்டு பாட்டு. அதற்கு 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்ததால், ஆளுக்கொரு பாட்டாகப் பாகம் பிரித்துக்கொண்டு பன்னிரண்டு ஆல்பமாகத் தனிக்குடித்தனம் போய்விட்டது. போதாக்குறைக்கு, எண்ணை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்ததில், ஒன்றாம் பாட்டுக்கு அப்புறம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அதற்கும் அப்புறம்தான் இரண்டு.

உட்கார்ந்து திருத்தினேன். மூன்று வாரம். தினமும் இரவு ஒரு மணி நேரம், பாட்டே கேட்காமல், பாட்டின் பெயரை மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன். மகள் ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, ஹோம்வொர்க்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு எப்படி விளக்குவது?

நடுநடுவே பாட்டு நின்று நின்று வேறு போனது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று குட்டிக் கணினியை ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். உலோகம் வை-ஃபை அலையை மறித்தது. வெளியே எடுத்து வைக்க மனம் வரவில்லை. ரவுட்டரிலிருந்து சுவரோரமாக லேன் ஒயர் இழுத்துச் செருகிவிட்டேன். பிரச்சினை அன்றே தீர்ந்தது.

திறப்பு விழாவுக்கு அப்பாவை அழைத்தேன். "எந்தப் பாட்டு வேணும், சொல்லுங்க." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இளமையில் பிடித்த பாட்டு ஒன்றைச் சொன்னார். தேடினேன். 'சர்வர் கிடைக்கவில்லை' என்றது. அன்று காலை மின்சாரம் போய் வந்ததில் ரவுட்டர் எல்லோருக்கும் புதுமுகவரி கொடுத்திருந்தது. பிளேயர் பழைய முகவரியில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. "ஒரே நிமிஷம்ப்பா." முகவரியை மாற்றினேன். நூலகம் முதல் பாட்டிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தது. "இதோப்பா, எழுபது சதவீதம்." அப்பா காத்திருந்தார். பிறகு மெதுவாக முணுமுணுக்க ஆரம்பித்தார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்று சொல்லி எழுந்து போனார். எது நல்லா இருந்தது என்று நான் கேட்கவில்லை.

மகள் அதற்குள் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் புகுந்துவிட்டாள். குட்டிக் கணினிக்குக் கரண்ட் ஒயர் ஒன்று. அதிலிருந்து டாக் என்கிற ஒலிமாற்றிப் பெட்டிக்கு ஒன்று. அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று. ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் ஒன்று, ரவுட்டருக்கு ஒன்று. லேன் ஒயர். இவ்வளவையும் மாட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

"ஏழு ஒயர்ப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவள் கெட்டிக்காரி.

ஆனாலும் கூடத்தின் குறுக்கே எதுவும் இல்லைதானே? அதுதானே கேட்டது? வேடிக்கை என்னவென்றால், ஒயரை எடுத்து இரண்டு மாதம் ஆகியும் எங்கள் கால்கள் அதை நம்பவில்லை. நான்காவது எட்டில் தானாகத் தூக்கிக்கொள்கின்றன. வெறும் தரையைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தோம்.

போன வாரம் அலுவலகத்திலிருந்து வரும்போது வாசல்வரை பாட்டுக் கேட்டது. துல்லியமாக, ஒரு விக்கல் இல்லாமல். நான் பக்கத்தில் இல்லாமலே வீட்டில் யாரோ அதைத் தனியாக இயக்கியிருக்கிறார்கள்! நெஞ்சு நிமிர உள்ளே நுழைந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது எட்டில் கால் பழக்கப்படி தூக்கித் தாண்டியது.

ஏதோ உறுத்தத் திரும்பிப் பார்த்தேன். தரையில் அந்தப் பழைய ஒயர். ஒரு முனையில் மனைவியின் ஃபோன், மறுமுனையில் ஆம்ப்ளிஃபயர்.