பாதி மரம், பாதி மனிதர்

இரவில் தெருவிளக்கடியில் நிற்கும் மரத்தைப் படம் எடுப்பதில் கேமரா வேலை ஒரு பெரிய வேலையே இல்லை. ட்ரைபாடு என்கிற முக்காலியை விரித்து, ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 100 என்றும் லென்ஸ் துளையான அப்பர்ச்சரை எஃப் 8 என்றும் வைத்து, விரல் பட்டு ஆடாமலிருக்க 2 நொடி டைமரையும் போட்டுவிட்டால் மற்றதைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். ஒளியை உள்ளே விடும் ஷட்டர் பத்துப் பதினைந்து நொடி திறந்து கிடக்கும். நாம் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும். அப்படி ஒருவன் சும்மா நிற்பதுதான் ஊரில் யாருக்கும் பொறுப்பதில்லை.

பகலில் அதே ட்ரைபாடோடு நின்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரவு பத்து மணிக்கு மேல் நின்றால் தெருவே விசாரணைக் கமிஷனாகிவிடும். "நிலம் அளக்கிறீர்களா?" என்பது முதல் கேள்வி. மூன்று கால் மேல் எதை வைத்தாலும் அது சர்வே கருவிதான். அடுத்தது, "மரத்தை வெட்டப் போகிறார்களா?" இதில் இரண்டு கட்சி உண்டு. வெட்டினால் நடப்பதே வேறு என்று சண்டைக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம். இலைக் குப்பை தாங்க முடியவில்லை, எப்போது வெட்டுவீர்கள் என்று தேதி கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம். படம்தான் எடுக்கிறேன் என்றால் இரு தரப்புக்கும் ஏமாற்றம். "மரத்தையா?" என்று அண்ணாந்து பார்ப்பார்கள். கிளையில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று தேடுவது முகத்திலேயே தெரியும்.

1930களில் பாரிஸ் நகரத்து இரவுகளைப் படமெடுத்த புகைப்படக்காரர் பிரஸ்ஸாய், ஒளி பதியும் நேரமான எக்ஸ்போஷரைச் சிகரெட்டால் அளந்தார் என்பார்கள். வெளிச்சம் இருந்தால் ஒரு வகை, இருட்டு அதிகமென்றால் நின்று எரியும் இன்னொரு வகை. எனக்குப் புகைப்பழக்கம் இல்லாததால் கேள்விகளால் அளக்கிறேன். நிலம் அளப்பதற்கு மூன்று நொடி. மரம் வெட்டுவதற்கு ஐந்து. இதில் பேய் இருக்கிறதாமே என்று ஒருவர் கேட்டு, நான் இல்லையென்று சொல்லி, அவர் நம்பாமல் நகர்வதற்குப் பதினைந்து நொடி சரியாக இருக்கும்.

அன்று வாய்த்தது ஒரு தூங்குமூஞ்சி மரம். பொழுது சாய்ந்ததும் சிற்றிலைகளை மடக்கிக்கொள்ளும் சாதி என்பதால், பகலில் குடையாகத் தெரியும் தலைக்குள் இரவில் கிளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துலங்கும். மரத்துக்கு இந்தப் பக்கம் பழைய சோடியம் விளக்கு, அந்தப் பக்கம் புதிதாக மாட்டிய எல்இடி. ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் சோடியம் 2000 அளவில் மஞ்சளாக வழிகிறது. எல்இடி 4000க்கு மேல் வெளுப்பாக அடிக்கிறது. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸை எந்தப் பக்கத்துக்குச் சரிசெய்தாலும் மற்றப் பக்கம் கெட்டுப்போகும். சோடியம் வெளிச்சத்தில் பச்சை மிகவும் குறைவு. வராத பச்சையை இலை எங்கிருந்து திருப்பி அனுப்பும்? ஆகவே ஒரே மரம், பாதி காய்ந்த பழுப்பு, பாதி பசும்பச்சை. இதைக் கணினியில் சரிசெய்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சண்டைதான் வேண்டும்.

நடைக்கு வந்த பெரியவர் ஒருவர் எல்லாக் கேள்விகளையும் கேட்டுவிட்டு, மற்றவர்கள் மாதிரி போகாமல் நின்றுகொண்டார். ஆர்வமாகக் கேட்கிறாரே என்று நானும் அவிழ்த்துவிட்டேன். காற்றடித்தால் அடிமரம் கூர்மையாக விழும், இலைகள் மட்டும் கலங்கிப்போகும் என்றேன். அப்பர்ச்சரை எஃப் 16 வரை சுருக்கினால் விளக்கைச் சுற்றி நட்சத்திரக் கதிர்கள் விழும். உள்ளே இருக்கும் தகடுகள் ஆறு என்றால் ஆறு கதிர், ஏழு என்றால் பதினான்கு என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அடுத்து பைக்கை நிறுத்தி ஒருவர், "நிலம்..." என்று தொடங்கியதுமே பெரியவர் கையமர்த்தினார். "சர்வே இல்லை. எக்ஸ்போஷர். பேசாமல் நில்லுங்கள், உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது." பிறகு வந்த இளைஞர்கள் இருவருக்குத் தகடு ஏழு, கதிர் பதினேழு என்று பாடமே நடத்தினார். ட்ரைபாடின் ஒவ்வொரு காலாக மோப்பம் பிடித்து, மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துப் பின்னங்காலைத் தூக்கப்போன நாயையும் அவர்தான் விரட்டினார். "தம்பி, காற்று நின்றிருக்கிறது, இப்போது அழுத்துங்கள்" என்று எனக்கும் உத்தரவு வந்தது. அழுத்தினேன். அவர் கண்ணில் அப்போதுதான் மரத்தடியில் கிடந்த பிளாஸ்டிக் பை பட்டிருக்க வேண்டும். விறுவிறுவென்று போய் அதை எடுத்தவர், உடனே திரும்பாமல் எங்கள் பக்கம் பார்த்து, படம் எப்படி வருகிறது என்று மேற்பார்வையிட்டுக்கொண்டு நின்றார்.

படத்தில் அவர் இருந்தார். இருந்தார் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. பதினைந்து நொடியில் ஏழெட்டு நொடி அசையாமல் நின்று, பிறகு விலகிவிட்டார். நின்றபோது அவர் பதிந்தார். விலகியபோது பின்னாலிருந்த மரம் பதிந்தது. சட்டைப் பொத்தான்களினூடே பட்டையின் வெடிப்புகள் தெரிந்தன. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கணு. மூக்குக்கண்ணாடியின் இரண்டு வட்டங்கள் மட்டும் எல்இடி வெளிச்சத்தை வாங்கிப் பளிச்சென்று அந்தரத்தில் நின்றன. பேய் விசாரித்தவர் பார்த்திருந்தால் காய்ச்சலில் படுத்திருப்பார். பெரியவர் திரையைப் பெரிதாக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்துவிட்டு, "கண்ணாடி நன்றாக விழுந்திருக்கிறது" என்றார்.

ரோந்து வாகனம் வந்தது அப்போதுதான். இறங்கிய போலீஸ்காரர் ட்ரைபாடையும் எங்களையும் பார்த்து, "இங்கே என்ன நடக்கிறது? யார் பொறுப்பு?" என்றார்.

அதுவரை மரம், விளக்கு, காற்று அனைத்துக்கும் பொறுப்பாக இருந்தவர் இரண்டடி தள்ளிப் போய் வானத்தைப் பார்த்தார். "எனக்கு எதுவும் தெரியாது சார். நான் வழியோடு போகிறவன்."

நான் விஷயத்தைச் சொல்லி, சந்தேகம் தீரட்டும் என்று கேமராவை நீட்டினேன். திரையில் அந்தக் கடைசிப் படமே நின்றிருந்தது. போலீஸ்காரர் திரையைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"பெரியவரே, இது நீங்கள்தானே?"

அவர் எட்டிப் பார்த்தார்.

"பாதிதான் சார்."