சித்தப்பாவின் தாளப்பெட்டி

தங்கச்சிமடத்தில் சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து தாளப்பெட்டியை இறக்கினேன். திருகாணித் தலையெல்லாம் துரு.

டிரம் அடிக்க ஆள் இல்லாமல் தானே தாளம் போடும் மின்கருவி அது. பெயர் ஏஸ் டோன் ரிதம் ஏஸ், எப்.ஆர்-1. 1967-ல் வந்த ஜப்பான் பெட்டி. பின்னால் ரோலண்ட் என்ற இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷி உருவாக்கியது. எங்கள் வீட்டுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்தது.

சித்தப்பா தேவாலயப் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். டிரம் அடிக்கிறவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். படகு போன நாளில் கல்யாணப் பூசை வந்தால் தாளத்துக்கு ஆள் இருக்காது. அந்த நாட்களுக்காகத்தான் இந்தப் பெட்டி.

உள்ளே 16 தாளங்கள். ரும்பா, மாம்போ, வால்ட்ஸ் என்று போகும். நம் ஊர்த் தாளம் ஒன்றுகூடக் கிடையாது. தெம்மாங்கு மெட்டில் பாட்டு வந்தால் சித்தப்பா வால்ட்ஸை அமுக்கி வேகத்தைக் கூட்டுவார். மெதுவாகப் போனால் அது வெள்ளைக்கார நடனம். வேகம் ஏற ஏற, தகிட தகிட என்று மூன்று மூன்றாக விழும் திஸ்ர நடையாகிவிடும். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால் இரண்டு தாளமும் கலந்து வரும். அப்படிக் கலந்து கலந்து தனக்கென்று சில தாளங்களை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவரும் இசையமைப்பாளர்தான் என்று நான் நினைப்பது அதனால்தான்.

இதில் பதிவு செய்த ஒலி எதுவும் இல்லை. ஒரு மின்சுற்றைத் தட்டிவிட்டால் அதிர்ந்து அடங்குகிறது, குடத்தைச் சுண்டினால் வருவது போல. அதுதான் பெரிய டிரம். சிம்பல், வெறும் இரைச்சலை வடிகட்டி எடுத்தது. எது எப்போது ஒலிக்க வேண்டும் என்பது, மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோடுகளின் வரிசையில் இருக்கிறது.

டிரான்சிஸ்டர் போயிருக்குமோ என்று பயந்தேன். பழுது பொத்தான்களில். இத்தனை வருட உப்புக்காற்றில் உள்முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து சுரண்டினேன். உப்பிப்போன கெப்பாசிட்டர் ஒன்றை ராமநாதபுரத்தில் வாங்கி மாற்றினேன். கட்டை தட்டும் ஓசைக்கான கிளேவ்ஸ் பொத்தான் மட்டும் இன்னும் ஒட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சித்தப்பாவை உட்காரவைத்து சுவிட்சைப் போட்டேன். வால்ட்ஸ். வேகத் திருகை அவர் கை தானாகத் தேடிப் பிடித்தது. முக்கால்வாசிக்குச் சற்று மேலே நிறுத்தினார்.

“இதான்டா,” என்றார்.

அப்புறம், கையால் அடிக்கும் பொத்தான்களில் மணியோசையைத் தேடி, தாளத்துக்கு நடுவே இரண்டு தட்டு தட்டினார். அடுப்படியிலிருந்து சித்தி பாட்டை எடுத்தார்.