இன்னும் ஒரே ஒரு வாய்

முதல் பிறந்தநாளுக்குள் பிறந்த எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும் குழந்தை, அடுத்த வருடம் முழுக்கச் சேர்த்தாலும் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறைகிறது. நம் வீடுகளில் துரத்தித் துரத்தி ஊட்டுவது தொடங்குவது சரியாக இந்த வயதில்தான். பூச்சாண்டி வருவான், தாத்தாவுக்கு ஒரு வாய், கடைசியில் மொபைல்.

தலையைத் திருப்புவதும், வாயை இறுக மூடுவதும், சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வதும் ‘போதும்’ என்பதற்கான பேச்சு. மொபைல் ஓடினால் குழந்தைக்குத் தன் வயிறு தெரியாது, ஊட்டுகிறவருக்கு இந்த ஜாடைகள் தெரியாது. தினமும் இந்த ஜாடைகளை மீறி ஊட்டினால், வயிறு சொல்வதைக் கேட்கும் பழக்கமே மங்கிப்போகும்.

அமெரிக்காவில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. இரண்டு வகை சூப் கொடுத்து, ஒன்றை மட்டும் ‘குடித்து முடி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சொல்லாத சூப்பைத்தான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். தடுப்பதும் இப்படித்தான்: கண்ணெதிரே வைத்துக்கொண்டு ‘தொடாதே’ என்றால் அந்தப் பண்டத்தின் மேல்தான் ஆசை ஏறும். சிப்ஸை ஒளித்து வைப்பதைவிட வாங்காமலிருப்பது நல்லது. ‘கீரை சாப்பிட்டால் சாக்லேட்’ என்பது கீரையைத் தண்டனையாக்கிவிடுகிறது.

என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் முடிவு. எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு.

இரண்டு வயதுக் குழந்தைக்குப் பருப்பு சாதம், பொரியல் ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி வைத்தால் போதும். கேட்டால் மறுபடி வையுங்கள். அரை மணிக்கு மேல் இழுக்காமல் தட்டை எடுத்துவிடலாம். அடுத்த வேளைவரை, இரண்டு மூன்று மணி நேரம், தண்ணீர் மட்டும். பதினோரு மணிக்குத் தின்ற இரண்டு பிஸ்கட்டே மதியச் சாப்பாட்டைக் கெடுத்துவிடும். பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சோற்றுக்கு இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும். புதுக் காயை ஒருமுறை துப்பியதும் கைவிடாதீர்கள்; பட்டாணி அளவில், பத்துப் பதினைந்து தடவைகூட வைக்க வேண்டிவரும்.

‘பிள்ளை இளைச்சிருக்கே’ என்று உறவுக்காரர் சொல்வதை அளவுகோலாக்காமல், அங்கன்வாடியில் எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் எடை ஏறுவதைக் காட்டும் கோட்டைப் பாருங்கள். அது தட்டையானாலோ கீழே இறங்கினாலோ, குழந்தை விழுங்கச் சிரமப்பட்டாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.