பாதித் தாளை அடைத்துக்கொண்ட ஒரு வளைவு

நான் 16 ஆண்டுகளாகப் பள்ளியில் புவியியல் கற்பித்து வருகிறேன். கடைசி 4 ஆண்டுகளாகச் சமூக அறிவியலில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வும் செய்துவருகிறேன். ஆசிரியப் பணியில் நிலைபெற்றுவிட்ட ஒருவர் இந்த வயதில் ஏன் ஆய்வுக்கு வர வேண்டும் என்று உடன் பணியாற்றுவோர் கேட்பதுண்டு. பட்டம், பதவி உயர்வு என்று எதையாவது சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையில் என்னை இந்தப் பக்கம் இழுத்துவந்தது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பென்சிலால் வரைந்த ஒரு வரைபடம்.

நிலவரைபட அளவை பற்றிய பாடத்தைத் தொடங்குமுன், வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை நினைவிலிருந்து வரைந்து காட்டும்படி மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம். அளவை இல்லாமல் வரைந்தால் தூரம் எப்படித் திரிந்துபோகிறது என்பதை அவர்கள் கண்ணாலேயே காண வேண்டும் என்பதற்காக அது. அந்த மாணவியின் தாளில் நீண்ட நேர்ச்சாலை விரற்கடை அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒரே ஒரு வளைவு மட்டும் பாதித் தாளை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த வளைவை ஒட்டிய சுவரைச் செங்கல் செங்கலாக வரைந்திருந்தாள். விளக்குக் கம்பத்தின் மேல் பெருக்கல் குறி ஒன்றும் போட்டிருந்தாள். நான் சிவப்பு மையில் ‘அளவை தவறு’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு, “அந்த இடம் வந்தா, யாராவது பெரியவங்க வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பேன் டீச்சர்” என்றாள். அவள் தூரத்தை வரையவில்லை, தான் நின்ற நேரத்தை வரைந்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எரியாத விளக்கையும் குறித்துக் காரணத்தையும் சேர்த்தே எனக்குக் கொடுத்திருந்தாள்.

அன்று முதல் அந்த வரைபடங்களைத் திருத்துவதை விட்டுவிட்டுச் சேர்த்துவைக்கத் தொடங்கினேன். சில ஆண்டுகளுக்குப் பின் ஆய்வில் சேர்ந்தபோது, என் நெறியாளர் முதலில் படிக்கச் சொன்னது ஸ்வீடன் நாட்டுப் புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970இல் வெளியிட்ட கட்டுரையை. இடத்தையும் நேரத்தையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். ஒரு மனிதர் ஒரு நாளில் எங்கெல்லாம் போக முடியும் என்பதை மூவகை வரம்புகள் முடிவு செய்கின்றன என்கிறார்: உடலும் வாகனமும் அனுமதிக்கும் வேகம், பிறரோடு ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்க வேண்டிய கட்டாயம், அதிகாரம் உள்ளவர்கள் விதித்த நேரமும் எல்லையும். இதைப் படித்த இரவில் பள்ளி வாசலில் தாமதமாக வருவோரின் பெயரை எழுதிக்கொண்டு நான் நின்ற காலைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அந்தப் பட்டியலில் சோம்பல் என்ற ஒரே காரணத்தின் கீழ் நான் அடைத்துவைத்த பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டாம் வரம்பில் சிக்கியவர்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் வசிக்கும் பிள்ளைகளுக்கு வந்துசேரும் நேரம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதே என் ஆய்வு வினாவாக அமைந்தது.

வினா கிடைத்துவிட்டால் மற்றவை தாமாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால், கற்பித்துக் கற்பித்து எனக்குள் உறுதிப்பட்டிருந்த சிலவற்றை முதலில் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. அவற்றுள் என்னை மிகவும் பாதித்தது ஜான் ஸ்னோ கதை. 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவி 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; மருத்துவர் ஸ்னோ இறப்புகளை வரைபடத்தில் குறித்தார்; பிராட் தெருவின் குடிநீர்ப் பம்பைச் சுற்றிப் புள்ளிகள் குவிந்திருப்பதைக் கண்டார்; பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார்; நோய் நின்றது. இப்படித்தான் நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லி வந்தேன். பிள்ளைகளும் வாய்பிளந்து கேட்பார்கள்.

நடந்த வரிசை வேறு என்பதை ஆய்வு முறையியல் படிக்கும்போதுதான் அறிந்தேன். காலரா தண்ணீரால் பரவுகிறது என்ற கருத்தை ஸ்னோ 1849இலேயே வெளியிட்டிருந்தார். 1854இல் வரைபடம் வரையுமுன்பே அவர் செய்தது இறந்தவர்களின் வீடுகளுக்குச் சென்று எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று விசாரித்தது. பலரும் அறிந்த அந்த வரைபடம் பின்னால் வந்தது; தாம் கண்டதைப் பிறருக்கு விளக்கவே அது பயன்பட்டது. செப்டம்பர் 8ஆம் நாள் கைப்பிடி கழற்றப்பட்டபோது நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது. அவருடைய வாதத்துக்கு வலுச் சேர்த்தவை விதிவிலக்குகள்தாம். அருகிலிருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை, அவர்கள் அந்தப் பம்பின் நீரைக் குடிக்கவில்லை. தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டி இறந்தார், அவருக்கு அந்தப் பம்பின் நீர் வண்டியில் போய்க்கொண்டிருந்தது.

இந்தக் கதையில் நான் வகுப்பில் ஒருமுறைகூடப் பெயர் சொல்லாத ஒருவர் இருக்கிறார்: ஹென்றி ஒயிட்ஹெட். அப்பகுதித் தேவாலயத்தின் உதவிக் குரு. ஸ்னோவின் கருத்தை மறுக்கவே அவர் விசாரணையைத் தொடங்கினார். அந்தத் தெருவின் குடும்பங்களை நேரில் அறிந்தவர் என்பதால் திரும்பத் திரும்ப அவர்களிடம் சென்று கேட்க முடிந்தது; கேட்கக் கேட்கத் தம் கருத்தையே மாற்றிக்கொண்டார். பம்பை ஒட்டிய 40ஆம் எண் வீட்டில் நோயுற்றிருந்த ஒரு குழந்தையின் துணிகளை அலசிய நீர் கிணற்றின் அருகே இருந்த கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டறிந்தவர் அவரே. ஸ்னோவைவிட ஒயிட்ஹெட்தான் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு நெருக்கமானவர் என்று எனக்குத் தோன்றுகிறது. நாமும் ஓர் இடத்து மக்களைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள். முறையான பயிற்சி மட்டும் கிடைத்தால், வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்குத் திறக்காத கதவுகள் நமக்குத் திறக்கும்.

நிழலிட்ட வரைபடங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அடர்நிற வட்டாரத்தைக் காட்டி ‘இங்குள்ளவர்கள் இப்படி’ என்று நான் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். 1950இல் வில்லியம் ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1930ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து இதிலுள்ள பிழையைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவாக இருந்தது. ஆனால் தனி ஆள்களாக எடுத்துப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே எழுத்தறியாமை சற்று அதிகம். கல்வியில் முன்னேறிய மாநிலங்களில் அவர்கள் குடியேறியதே இதற்குக் காரணம். என் தரவுகளைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இட்டு வட்டார எல்லைகளை மாற்றி மாற்றி வரைந்து பார்த்தபோது, அதே பிள்ளைகள், அதே நிமிடங்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறொரு படம் கிடைத்தது. அதன்பின் நேர்காணல் இல்லாமல் எந்த முடிவுக்கும் வருவதில்லை என்று தீர்மானித்தேன்.

நேர்காணலில்தான் ஆசிரியர் என்ற பழக்கம் எனக்கு மிகப் பெரிய இடையூறாக நின்றது. வகுப்பறையில் ஒரு கேள்வி கேட்டு மூன்று விநாடிக்குள் விடை வராவிட்டால் நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். என் முதல் நேர்காணலின் ஒலிப்பதிவை எழுத்தாக்கிப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்ட வரிகள் என்னுடையவையாக இருந்தன. மழைக்காலத்தில் வேறு வழியாக வருவதாக ஒரு சிறுமி சொன்னவுடன், “ஏன், தண்ணி தேங்கிடுமா?” என்று கேட்டிருக்கிறேன், அவளும் “ஆமா” என்றிருக்கிறாள். அந்த விடை என்னுடையது, அவளுடையது அன்று. அடுத்த மாதம் அவளை மீண்டும் சந்தித்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு அமைதியாக இருந்தேன். “வீட்டுல குடை ஒண்ணுதான். தம்பியை அவன் பள்ளியில விட்டுட்டுத்தான் நான் வரணும்” என்றாள். அந்த ஒற்றைக் குடை எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் தெரியாது. ஹேகர்ஸ்ட்ராண்டின் இரண்டாம் வரம்புக்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

அந்தச் சிறுமி என் பள்ளி மாணவி அல்லள். ஆசிரியரே தம் வகுப்பறையின் ஆய்வாளராக வேண்டும் என்று 1970களில் பிரிட்டிஷ் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் வாதிட்டார். அந்தக் கருத்தில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் என் கையில் மதிப்பெண் இருக்கும்வரை என் மாணவர்கள் என்னிடம் ‘முடியாது’ என்று சொல்ல இயலாது, முடியாது என்று சொல்ல இயலாதவரின் ஒப்புதல் ஒப்புதலே ஆகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் வேறு பள்ளிகளின் பிள்ளைகளிடம், பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடும் பிள்ளையின் சொந்த விருப்பத்தோடும் மட்டுமே பேசுகிறேன். அங்கும் நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்கிறார்கள். ஆகவே எதிரே அமராமல் பக்கத்தில் அமர்ந்து, தாளை நடுவில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். வெளியிடும் வரைபடங்களில் வீட்டைக் குறிக்கும் புள்ளியை அதன் உண்மையான இடத்திலிருந்து சற்று நகர்த்திவிடுகிறேன். புள்ளி துல்லியமாக இருந்தால், எந்தச் சுவரருகே எந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் தனியாக நிற்கிறது என்பதை யாரும் தெரிந்துகொள்ளலாம் அல்லவா?

முதல் ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்தது. ஆய்வு வினா ஒன்பதாம் பக்கத்தில்தான் தலைகாட்டுகிறது என்று மதிப்பீட்டாளர்களில் ஒருவர் எழுதியிருந்தார். அது சரியான குறைதான். அமைவிடம், நிலத்தோற்றம், காலநிலை என்று அடிப்படையைப் போட்டுவிட்டுப் பொருளுக்கு வருவது பாட நூலின் வரிசை. அதே வரிசையில் கட்டுரையும் எழுதியிருக்கிறேன். இப்போது அந்த எட்டுப் பக்கங்களை ஒன்றரைப் பக்கமாகச் சுருக்கி, அந்த வளைவின் படத்தோடு தொடங்கியிருக்கிறேன். அதை வரைந்த பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். படத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்டு எழுதினேன். பயன்படுத்தலாம், ஆனால் சிவப்பு மையில் எழுதியதை மறைக்க வேண்டாம் என்று பதில் வந்தது. அப்படியே வைத்திருக்கிறேன். திருத்திய கட்டுரையை அடுத்த மாத இறுதிக்குள் அனுப்ப வேண்டும். அதற்குள் இன்னும் 11 நேர்காணல்களை எழுத்தாக்க வேண்டியிருக்கிறது.